சூரியனே அணையப் போகிறது என்றால்...

கேள்வி: நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. இன்னும் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் வீங்கிப் பெருத்து, பூமியையே விழுங்கிவிடலாம் என்று படித்ததிலிருந்து மனம் எதிலும் ஒட்டவில்லை. எல்லாமே அழியும் என்றால் பிரபஞ்சத்துக்கு என்னதான் நோக்கம்? நான் படித்து என்ன ஆகப் போகிறது, ஐயா?
பெயர் வேண்டாம், திருப்பத்தூர்

பதில்: பிரபஞ்சம் முழுவதற்கும் ஒரு நோக்கம் இருப்பதற்கு இயற்பியலில் தடயம் எதுவும் இல்லை, அம்மா. இருப்பதாக நானும் நம்பவில்லை. ஆனால் அதை வைத்து ‘நான் படித்து என்ன’ என்ற முடிவுக்கு வர முடியாது.

நோக்கம் உண்டு என்பவர்கள் எடுத்துக்காட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்தது கார்பன் கதை. நம் உடம்பிலுள்ள கார்பன் விண்மீன்களுக்குள் உருவானது. இரண்டு ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் பெரிலியம் வரும். அது கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட நிற்காமல் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து மோதினால்தான் கார்பன். அப்படி நடந்தாலும் போதிய அளவு கார்பன் சேராதே என்று யோசித்தார் பிரிட்டன் வானியலாளர் பிரெட் ஹாயில். மோதும் அணுக்கருக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ள, கார்பன் அணுக்கருவில் சுமார் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் (அணுக்கரு ஆற்றலை அளக்கும் அலகு) ஓர் ஆற்றல் நிலை, அதாவது அணுக்கரு இருக்கக்கூடிய ஒரு குறிப்பிட்ட ஆற்றல் அளவு, இருந்தே தீர வேண்டும் என்று 1953இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் போய்ச் சொன்னார். அளந்து பார்த்தார்கள், இருந்தது! கடவுள் நம்பிக்கை இல்லாத அவரே பின்னாளில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்திருப்பது போலத் தோன்றுகிறது என்று எழுதினார்.

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அந்த நிலை சற்றுத் தள்ளி இருந்திருந்தாலும் கார்பன் ஓரளவு உருவாகியிருக்கும் என்று பிறகு கணக்கிட்டுக் காட்டினார்கள். தவிர, கார்பனே இல்லாத பிரபஞ்சத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்; கேட்க நாம் இருக்கிறோம் என்றால் இங்கே கார்பன் இருப்பதில் வியப்பில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில் காவலூர் வானாய்வகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். சனிக்கோளின் வளையத்தைப் பார்த்த ஒரு பெண், “சார், அதுக்கு நம்மளத் தெரியவே தெரியாதில்ல?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை பார்க்க மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசை எங்கே இருந்தது? சனியில் இல்லை, அவளிடம் இருந்தது. அவளும் இந்தப் பிரபஞ்சத்தில் ஒரு பகுதிதானே. 1380 கோடி ஆண்டுகள் பழமையான ஒன்றுக்குள், எதையாவது வேண்டும் என்று நினைக்கும் உயிர்கள் உண்டாகிவிட்டன. நோக்கம் என்பது அவற்றோடு வந்த சமாச்சாரம். மேலிருந்து யாரும் ஒதுக்கித் தராததால் அது பொய்யாகிவிடாது.

இன்று வார்டில் ஒருவருக்கு வலி என்றால், அந்த வலிக்கு 500 கோடி ஆண்டுக் கணக்கு எதற்கு? நீங்கள் ஊசி போட்டு அது தணிந்தால் தணிந்ததுதான். சூரியன் பின்னால் என்ன ஆனாலும் அந்த மனிதர் இன்று நிம்மதியாகத் தூங்கினார் என்பது மாறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனம் ஒட்டாமல் போனதோடு தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் அதற்கு இயற்பியலில் பதில் தேடாதீர்கள். உங்கள் கல்லூரியிலேயே மனநலப் பாடம் எடுப்பவர் இருப்பார். இந்த வாரமே அவரிடம் பேசுங்கள். அப்புறம் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.