ஊரடங்கில் போன வேலை: ராஜினாமா தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி: நான் ஒரு பெண். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எட்டு ஆண்டுகளாகச் செக்கிங் பிரிவில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். மொத்தம் 80 தொழிலாளர்கள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. 2020 மார்ச் 24 அன்று கம்பெனியை மூடினார்கள். ஏப்ரல், மே மாதங்களுக்குச் சம்பளம் தரவில்லை. பிறகு திறந்தபோது, எனக்குப் பின் சேர்ந்தவர்கள் உட்பட 30 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இப்போது, "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன், வரவேண்டிய தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டால் 15,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார்கள். கொரோனாவால் மூடியதற்கு எந்தச் சட்டமும் கிடையாது என்கிறார் மேலாளர். என்ன செய்வது?

பதில்: அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். உங்களுக்கு இருக்கும் உரிமைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டு வரிகளால்தான் பறிபோகும்.

மேலாளர் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஊரடங்குக் காலத்துக்கு முழு ஊதியம் தரவேண்டும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 மார்ச் 29 அன்று பிறப்பித்த ஆணை, மே 18 முதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அது நடைமுறையில் இருந்த சுமார் 50 நாள்களுக்கான ஊதியத்தை இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும், தொழிலாளர் துறை அதற்கு உதவ வேண்டும் என்று ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனால் உங்கள் உரிமைகள் அந்த ஆணையோடு பிறந்தவை அல்ல. 2020-இல் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் அப்படியே நடைமுறையில் இருந்தது (2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது); இங்கே வரும் பிரிவு எண்கள் அந்த 1947 சட்டத்தினுடையவை. 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்பணி முடித்தவரை வேலை கொடுக்க இயலாமல் நிறுத்திவைத்தால், பிரிவு 25சி-யின்படி அடிப்படை ஊதியம், பஞ்சப்படி இரண்டிலும் பாதியை ஈடாகத் தரவேண்டும் என்றிருந்தது. எனவே பேச்சுவார்த்தையில் பாதிச் சம்பளத்துக்குக் கீழே இறங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்பதே என் கருத்து. தினமும் வந்து ஆஜராகவில்லையே என்று நிர்வாகம் வாதிடக்கூடும். வெளியே வருவதையே அரசு தடை செய்திருந்த நாள்களுக்கு அந்த வாதம் நிற்காது.

அதைவிடப் பெரிய தொகை வேலை நீக்கத்தில் இருக்கிறது. ஆள்குறைப்புச் செய்தால் பிரிவு 25எஃப்-இன்படி ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியமும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும் என்றிருந்தது. எட்டு ஆண்டுக்கு 120 நாள், அதாவது ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம். தவிர, ஒரே பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்பது பிரிவு 25ஜி-யின் பொது விதியாக இருந்தது. செக்கிங்கில் உங்களுக்குப் பின் சேர்ந்தவர் உள்ளே இருக்க உங்களை நிறுத்தியதற்கு நிர்வாகம் எழுத்தில் காரணம் காட்டியாக வேண்டும். நீங்களாகவே விலகினால் அது ஆள்குறைப்பே அல்ல என்று சட்டம் சொல்வதால்தான் "சொந்தக் காரணம்" என்ற வரியை உங்கள் வாயில் திணிக்கிறார்கள். எட்டு ஆண்டு உழைத்தவரைப் பஞ்சம் நெருக்கும் நேரம் பார்த்து இப்படிக் கேட்பது பெரும் அநியாயம்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இதிலிருந்து தனி. ஐந்து ஆண்டு முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, எட்டால் பெருக்குங்கள். உங்கள் சம்பளம் 10,400 ரூபாய் என்றால் பணிக்கொடை மட்டுமே 48,000 ரூபாய். அவர்கள் நீட்டும் 15,000-ஐ இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இ.எஸ்.ஐ.-யில் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற உதவியும் அப்போது இருந்தது. 2020 மார்ச் 24 முதல் டிசம்பர் 31 வரை வேலை இழந்தவர்களுக்குச் சராசரி ஊதியத்தில் 50 சதவீதத்தை அதிகபட்சம் 90 நாள்களுக்குத் தந்தார்கள். நிர்வாகத்தின் வழியாக அன்றித் தொழிலாளியே நேரடியாகக் கோர முடிந்தது. விருப்ப ஓய்வில் சென்றவர்களுக்கு இது கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

முதலில், "வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், நான் ராஜினாமா செய்யவில்லை" என்று நிர்வாகத்துக்குத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி எழுதுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கு விவரம், சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புத்தகம், போனஸ் சீட்டு ஆகியவற்றை நகலெடுத்து வையுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். 1947 சட்டத்தின் பிரிவு 2ஏ-யின்படி, 45 நாள்களில் தீராவிட்டால் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் செல்லலாம் என்றிருந்தது. கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம்: பெண் என்ற முறையிலும் தொழிலாளி என்ற முறையிலும், வருமான வரம்பு பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞரைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.