பல்கலைக்கழக ஆய்வுகளால் சாதாரண மனிதருக்கு என்ன பயன்?

கோவைப் பக்கம் நூல் மில்லில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பகுதியில் வேலை பார்த்தார் என் பெரியப்பா. திங்கட்கிழமை வந்தால் நெஞ்சு இறுகும், புதனுக்குள் தணியும். ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோற்றின் வேலை என்று வீட்டில் கேலி செய்வோம். (இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.)

அதற்குப் பெயர் பிசினோசிஸ், பஞ்சுத் தூசி நோய். 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளை ஆராய்ந்த மான்செஸ்டர் பல்கலைக்கழக மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங், இந்நோயின் படிநிலைகளையே கிழமையை வைத்துத்தான் வகுத்தார்: முதலில் திங்கள் மட்டும், பிறகு மற்ற நாட்களிலும். விடுமுறை கழித்துத் தூசிக்குத் திரும்பும் நாளில்தான் மூச்சுக்குழாய் அதிகம் சுருங்குகிறது. பஞ்சில் ஒட்டிவரும் பாக்டீரியா நச்சுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பது பின்னாளில் தெரிந்தது.

பல்லடத்திலோ அவிநாசியிலோ மில் வேலைக்குப் போகிறவருக்கு இருமல் என்றால், எந்தக் கிழமையில் கூடுகிறது என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.