பிரஸ்-ஆன் நகம்: நுனியைப் பார்க்கும் முன் அடியைப் பாருங்கள்

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். என் விரல்கள் குட்டை. நகங்கள் அகலமாக, வளைவே இல்லாமல் தட்டையாக இருக்கும். போன மாதம் ஒரு பிறந்தநாளுக்குப் பெட்டியில் வரும் பிரஸ்-ஆன் நகம் ஒட்டிப் பார்த்தேன். கேக் வெட்டுவதற்குள் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டது. "உன் கைக்கு ஓவல்தான் சரி, காஃபின், அதான் சவப்பெட்டி வடிவம், வாங்கியதுதான் தப்பு" என்கிறாள் தங்கச்சி. எந்த வடிவம் வாங்கட்டும்? கல்யாணம் சனி, ஞாயிறு. திங்கட்கிழமை டியூட்டி.

பதில்: தங்கச்சி சொல்வது பாதி சரி. ஓவல் உங்கள் விரலுக்கு எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு ஓவல் ஒட்டியிருந்தாலும் கேக் வெட்டுவதற்குள் தூக்கித்தான் இருக்கும். ஸ்கொயர் (சதுரம்), ஓவல் (முட்டை வடிவம்), ஆல்மண்ட் (பாதாம் வடிவம்), காஃபின் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் நுனியின் வடிவம். ஒட்டிய நகம் நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது உங்கள் சொந்த நகத்தின் மேல் உட்காரும் அடிப்பகுதி. அங்கே பார்க்க வேண்டியவை வளைவு, அகலம், தோலோரம். நுனியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் வளைவு. உங்கள் பிரச்சினையே இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு விரலைக் கண்ணுக்கு நேராக நீட்டி, நுனிப் பக்கத்திலிருந்து நகத்தைப் பாருங்கள். சிலருக்கு அது குழாயைப் பாதியாகப் பிளந்தது போல வளைந்திருக்கும், சிலருக்கு லேசாக வளைந்திருக்கும், உங்களுக்கு ஏறக்குறைய நேர்கோடு. நீளமான காஃபின், ஊசி போலக் கூர்மையான ஸ்டிலெட்டோ வகைகள் ஒடியாமல் இருக்க, அவற்றைப் பெரும்பாலும் ஆழமாக வளைத்தே செய்கிறார்கள். அப்படிப்பட்ட நகத்தைத் தட்டையான நகத்தின் மேல் அமுக்கினால் அந்த நேரத்துக்கு விரிந்து கொடுக்கும். கையை எடுத்ததும் பிளாஸ்டிக் தன் பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்பில் ஒட்டு விட்டுப்போகும். விடாவிட்டால் நாள் முழுக்க நகம் விண்விண்ணென்று வலிக்கும். பசை மட்டம் என்று பலர் கம்பெனியைத் திட்டுவது இந்த இடத்தில்தான். பசை பாவம், அது என்ன செய்யும்?

வளைந்த நகக்காரர்கள் தட்டையான பிரஸ்-ஆன் வாங்கினால் கதை நேர் எதிர். நடுவில் மட்டும் ஒட்டும், இரு ஓரத்திலும் இடைவெளி நிற்கும். அதில் தண்ணீர் புகுந்து தேங்கினால் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்து நகம் பச்சையாகிவிடலாம். கடலோரப் புழுக்கத்தில் இதை அலட்சியமாக விடக் கூடாது.

ஆக, கிளிக்ஸ், டிஸ்-கெம் போன்ற மருந்துக் கடைகளில் பெட்டியைக் கையில் எடுத்ததும் முன்பக்கப் படத்தைப் பார்த்து மயங்காமல், மூடி கண்ணாடி போல இருந்தால் பெட்டியைச் சாய்த்து நகங்களை நுனிப் பக்கத்திலிருந்து பாருங்கள். எவ்வளவு வளைவு என்று தெரிந்துவிடும். உங்களுக்கு வேண்டியது குட்டையான, மெல்லிய, வளைவு குறைந்த வகை. மெல்லிய பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். ஆசைப்பட்ட டிசைன் சற்று வளைவாகவே கிடைத்தால், அதைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, இளகியதும் மேசைமேல் வைத்து விரலால் அமுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். ஓரளவு தட்டையாகும். ஓரளவுதான், அற்புதம் எதுவும் நடக்காது.

அடுத்தது அகலம். பல பெட்டிகளில் 24 நகங்கள் இருக்கும்; 12 அளவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. நகத்தின் அடியில் சின்னதாக எண் பொறித்திருக்கும், பெரும்பாலும் 0தான் பெரியது. ஒட்டும் நாளில் அவசரமாகத் தேடாமல், முந்தைய நாளே பத்து விரலுக்கும் பசையில்லாமல் வைத்துப் பார்த்து வரிசையாக அடுக்கிவிடுங்கள். இடது கட்டைவிரலுக்குப் பொருந்தியதே வலதுக்கும் பொருந்தும் என்று நம்ப வேண்டாம்; வேலை செய்கிற கையில் நகம் கொஞ்சம் அகலமாக இருப்பது சகஜம். ஓரத்திலிருந்து ஓரம் வரை நகத்தை மூட வேண்டும், பக்கத்துத் தோலைத் தொடக் கூடாது. தோல்மேல் ஏறினால் விரல் மடங்கும்போதெல்லாம் நெம்பி, அங்கிருந்துதான் கழல ஆரம்பிக்கும். 4 சிறியது, 3 பெரியது என்று நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து இரு பக்கமும் ஃபைலால் சமமாகத் தேயுங்கள். சிறியதை வைத்தால் ஓரம் தெரியும், பிடிக்கவும் பிடிக்காது.

அகல நகக்காரர்களுக்குக் கட்டைவிரல்தான் தலைவலி. 0 கூடப் போதாமல் போகும். அப்போது ஆர்டரின் பேரில் செய்து கொடுப்பவர்களிடம் வாங்குவது நல்லது. அவர்கள் மில்லிமீட்டரில் அளவு கேட்பார்கள். நகத்தின் மிக அகலமான இடத்தில் செல்லோடேப் ஒட்டி, இரு ஓரத்தையும் பேனாவால் குறித்து, டேப்பை எடுத்து ஸ்கேலில் ஒட்டிப் படியுங்கள். ஸ்கேலை நேராக நகத்தின்மேல் வைத்து அளந்தால், வளைவு உள்ளவர்களுக்கு அளவு குறைவாக வரும்.

தோலோரத்துக்கு அதிக நேரம் வேண்டாம். க்யூட்டிக்கிள் கோடு, அதாவது நகத்தின் அடியில் தோல் முடியும் இடம், உங்களுக்கு அரைவட்டமா, ஏறக்குறைய நேரா என்று பாருங்கள். பிரஸ்-ஆனின் அடி விளிம்பும் அதே போல இருக்க வேண்டும். அகல நகத்தில் அது பெரும்பாலும் நேராக இருக்கும், பெட்டி நகமோ உருண்டையாக வரும். இரண்டு மூன்று தேய்ப்பில் சரிசெய்துவிடலாம்.

சரி, இப்போது நுனி. குட்டை விரல், அகல நகம் என்றால் பக்கங்கள் உள்நோக்கிக் குறுகும் ஓவல் அல்லது குட்டை ஆல்மண்ட். கண் நீளவாக்கில் ஓடும், விரல் மெலிந்து தெரியும். நேர்ப்பக்க ஸ்கொயர் அகலத்தை இன்னும் அகலமாகக் காட்டும். இது என் ரசனையும்கூட. ஸ்கொயர்தான் பிடிக்கும் என்றால் மூலைகளை மழுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. நீளத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன்: விரல்நுனியைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். கல்யாணப் பந்தியில் வாழை இலையில் சோறு பிசைந்து சாப்பிட வேண்டும், தங்கச்சிக்குப் புடவைப் பின் குத்த வேண்டும். நீள நகத்தோடு பின் குத்தப் போனால் பெண்ணுக்கு ரத்தம் வரும்.

உங்கள் நகம் அப்படியில்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நுனி விசிறி போல விரிகிற நகம் என்றால் அகலமான இடத்துக்கு அளவெடுத்து, அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறுக்குங்கள். நுனி கீழ்நோக்கி வளைகிற நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுக் குட்டை வகையே போடுங்கள். கரண்டி போல நடுவில் குழிந்து மேல்நோக்கித் தூக்கிய நகம் புதிதாக வந்திருந்தால், ஒட்டுவதைத் தள்ளிப்போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவிலும் நகம் இப்படி ஆகும்.

உங்கள் திங்கட்கிழமைக்கு வருகிறேன். நோயாளிகளை நேரடியாகத் தொட்டுக் கவனிப்பவர்கள் செயற்கை நகம் அணியக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு கைச்சுத்த வழிகாட்டுதலே சொல்கிறது. உங்களுக்கு இது தெரிந்ததுதான். ஞாயிறு இரவே கழற்றியாக வேண்டும், அதனால் பசைக் குப்பியைத் தொடாதீர்கள். பெட்டியோடு வரும் இருபுறமும் ஒட்டும் ஸ்டிக்கரைப் பயன்படுத்துங்கள். ஒன்றிரண்டு நாள் தாங்கும், உங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அந்த ஸ்டிக்கர் சற்றுத் தடிப்பு என்பதால் வளைவில் மிச்சமிருக்கும் சின்ன இடைவெளியையும் நிரப்பிவிடும். பசைதான் வேண்டும் என்று வீட்டில் வேறு யாராவது அடம்பிடித்தால் ஒன்று சொல்லுங்கள்: நகப்பசை என்பது சயனோஅக்ரிலேட், சூப்பர் க்ளூ வகை. பருத்தித் துணியில் சிந்தினால் சட்டென்று சூடேறித் தோலைச் சுடும். காட்டன் புடவை மடியில் வைத்து ஒட்டக் கூடாது.

எப்போது ஒட்டுவது என்பதில்தான் கல்யாண வீட்டில் கோட்டை விடுவார்கள். நலங்குக்கு முன்னால் ஒட்டாதீர்கள். தங்கச்சிக்கு மஞ்சள் பூசிய கையில் வெளிர் நிற நகம் இருந்தால் அதுவும் மஞ்சளாகிவிடும். பந்தியில் குழம்பும் அதே வேலையைச் செய்யும். அடர் சிவப்பு, மெரூன் என்றால் கவலையில்லை. மெஹந்தியும் முந்தைய நாளே முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதில் கலக்கும் எண்ணெயும் நிறம் பிடிக்கத் தடவும் எண்ணெயும் நகத்தில் தங்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையும் அப்படித்தான்.

குளித்த உடனேயும் வேண்டாம். நகம் தண்ணீரை இழுத்து ஊறியிருக்கும், காய்ந்து சுருங்கும்போது ஒட்டு விடும். இரண்டு மணி நேரமாவது போகட்டும். பிறகு க்யூட்டிக்கிளை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, பஃபரால் (மென்மையான தேய்ப்பானால்) நகத்தின் பளபளப்பை மட்டும் எடுத்து, ஊசி போடும் முன் துடைப்பீர்களே, அந்த ஆல்கஹால் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். தை மாதப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்கும், மின்விசிறிக்குக் கீழே உட்காருங்கள். தோலோரத்தை ஒட்டினாற்போல, ஆனால் தோலைத் தொடாமல், அடியைச் சாய்வாக வைத்து நுனி நோக்கி இறக்கி அரை நிமிடம் அமுக்குங்கள். கட்டைவிரல்கள் கடைசியில், மற்ற விரல்களுக்கு அமுக்கிக் கொடுக்க அவை வேண்டும்.

ஞாயிறு இரவு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு கால் மணி நேரம் ஊறவைத்து, மரக்குச்சியால் பக்கவாட்டிலிருந்து மெல்லத் தளர்த்துங்கள். வரவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். பிய்த்து எடுத்தால் சொந்த நகத்தின் மேலடுக்கும் கூட வரும். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கெட்டுப்போன நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும்.

ஸ்டிக்கரில் ஒட்டியதைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தால் மறுபடியும் போடலாம். உங்கள் பத்து விரலுக்கும் பொருந்திய எண்களைப் பெட்டி மூடியிலேயே எழுதி வையுங்கள். அந்த எண்கள் அதே கம்பெனிக்கு மட்டும்தான். ஒருவருடைய 3 இன்னொருவருடைய 5 ஆக இருக்கும்.