நான்கில் இரண்டு வென்றும் 11 பவுணுக்கு 2.70 பவுண்தான் வந்திருக்கிறது. புக்கி (பந்தயம் ஏற்கும் நிறுவனம்) ஏமாற்றிவிட்டதா?

கேள்வி கேட்டவர் யாழ்ப்பாணம். லண்டனில் இருக்கும் மச்சான் நான்கு உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு "ஒரு பவுண் யாங்கி" போட்டிருக்கிறார். கணக்கில் 11 பவுண் கழிந்தது. இரண்டு அணிகள் வென்றன, வந்தது 2.70. பாதி சரியாகச் சொன்னால் பாதிக் காசாவது வர வேண்டாமா என்று கேட்கிறார்.

புக்கி ஏமாற்றவில்லை. நான் பந்தயம் கட்டுகிறவன் இல்லை, உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். ஆனால் இது முழுக்க முழுக்கச் சேர்மானப் பாடம்தான்.

யாங்கி ஒரு பந்தயம் இல்லை, 11 பந்தயம். நான்கு அணிகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 6 டபிள், மும்மூன்றாகச் சேர்த்தால் 4 ட்ரெபிள், நான்கையும் சேர்த்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பவுண். "ஒரு பவுண்" என்று ஸ்லிப்பில் இருப்பது அந்த 11-இல் ஒரு பந்தயத்துக்கான காசு, மொத்தம் இல்லை. ஐந்து அணி எடுத்தால் 26 பந்தயம், ஆறுக்கு 57, எட்டுக்கு 247. ஆறு அணிப் பந்தயத்துக்கு ஹெயின்ஸ் என்றே பெயர், அந்த சோஸ் கம்பனியின் "57 வகை" விளம்பரத்தை வைத்து. குதிரைப் பந்தயத்தில் "ஈச் வே" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டால் வெல்வதற்கு ஒன்று, முன்னணி இடங்களுக்குள் வருவதற்கு ஒன்று என்று எல்லாம் இரட்டிப்பு, யாங்கிக்கு 22 பவுண் போகும்.

இப்போது வரவு. மச்சானின் ஸ்லிப்பில் இருப்பது 4/5, 11/10, 1/2, ஈவன்ஸ் (அதாவது 1/1). 4/5 என்றால் 5 பவுண் வைத்தால் இலாபம் 4. வைத்த காசும் திரும்பி வருமென்பதால் ஒரு பவுணுக்கு 1.80. இந்த எண்ணைத்தான் இங்கே ஒட்ஸ் என்கிறேன். அதேபோல மற்றவை 2.10, 1.50, 2.00. சேர்த்துப் போடும்போது இவை பெருக்கப்படும். வென்றவை முதலாவதும் மூன்றாவதும். 1.80 × 1.50 = 2.70. அந்த ஒரு டபிள்தான் தப்பியது. மற்றப் பத்திலும் தோற்ற அணி ஒன்றாவது இருக்கிறது, அதனால் பத்தும் போச்சு. யாங்கியில் தனிப் பந்தயமே கிடையாது. ஒரே ஒரு அணி வென்றிருந்தால் ஒரு சதமும் வந்திராது. தனி நான்கையும் சேர்த்தால் அது லக்கி 15, அதற்கு 15 பவுண். அதைப் போட்டிருந்தால் இதே முடிவுக்கு 1.80 + 1.50 + 2.70, ஆக 6 பவுண் வந்திருக்கும். அதுவும் நட்டம்தான்.

நான்கும் வென்றிருந்தால் எவ்வளவு என்று பார்க்க 11 வரி எழுதிக் கூட்டத் தேவையில்லை. ஒவ்வொரு ஒட்ஸோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 2.80 × 3.10 × 2.50 × 3.00 = 65.10. அதிலிருந்து 1-ஐயும், நான்கு ஒட்ஸின் கூட்டுத்தொகை 7.40-ஐயும் கழித்தால் 56.70 பவுண். அடைப்புக்குறிகளைப் பெருக்கி விரித்தால் எல்லாச் சேர்மானமும் தானாக வந்து விழும். யாங்கியில் இல்லாத தனிகளையும், ஒன்றையுமே எடுக்காத அந்த 1-ஐயும் வெளியே தள்ளுகிறோம், அவ்வளவுதான். எனக்கு இந்தப் பந்தயத்தில் பிடித்த ஒரே விஷயம் இதுதான். தோற்ற அணிக்கு ஒட்ஸ் 0 என்று போட்டாலும் சூத்திரம் வேலை செய்யும். ஈவன்ஸ் அணி மட்டும் தோற்றால் 2.80 × 3.10 × 2.50 × 1, அதாவது 21.70. அதில் 1-ஐயும் 5.40-ஐயும் கழிக்க 15.30. நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னவருக்கு இலாபம் 4.30 பவுண்.

மழையாலோ வேறு காரணத்தாலோ போட்டி இரத்தானால் அந்த அணிக்கு வழக்கமாக ஒட்ஸ் 1.00 என்று எடுப்பார்கள். டபிள் தனியாகும், ட்ரெபிள் டபிளாகும், மற்றவை ஓடும்.

"சின்னக் காசு, பெரிய வரவு" என்று மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. 1904-இல் தொடங்கிய வடக்கின் சமரில் (யாழ்ப்பாணத்தில் சென்ட்ரல், சென். ஜோன்ஸ் கல்லூரிகள் மோதும் கிரிக்கெட் போட்டி) சென்ட்ரல் பொடியனும் சென். ஜோன்ஸ் பொடியனும் ஆளுக்கு நூறு ரூபா வைத்தால் வென்றவன் இருநூறையும் தூக்கிக்கொண்டு போவான். ஒட்ஸ் 2.00. புக்கியோ சமபலமான இரண்டு பக்கத்துக்கும் 1.90 என்று போடுவான். நூறு வைத்தால் சராசரியாகத் திரும்புவது 95. தனிப் பந்தயத்தில் அந்த 5 சதவீதம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒட்ஸைப் பெருக்கும்போது இந்த வெட்டும் சேர்ந்து பெருகும். டபிளில் 90.25, ட்ரெபிளில் 85.74, நான்கில் 81.45. இந்த விலையில் ஒரு பவுண் யாங்கிக்குக் கட்டிய 11-இல் சராசரியாகத் திரும்புவது 9.66. அதே 11 பவுணைத் தனியாக வைத்தால் 10.45. இரண்டுமே நட்டம், யாங்கியில் நட்டம் அதிகம். சேர்த்துப் போடச் சொல்லி புக்கிகள் போனஸ் காட்டிக் கூப்பிடுவது சும்மா இல்லை.

அப்புறம், கடைசியாகக் கேட்டீர்களே, எல்பிஎல் (லங்கா பிரீமியர் லீக்) கிரிக்கெட்டில் "ஜப்னா கிங்ஸ் இறுதிப்போட்டிக்குப் போகும்", "ஜப்னா கிங்ஸ் கிண்ணம் வெல்லும்" இரண்டையும் ஒரு டபிளாகப் போடலாமா என்று. ஏற்க மாட்டார்கள். கிண்ணம் வெல்லும் அணி இறுதிப்போட்டியில் ஆடியே தீர வேண்டும். ஒன்று மற்றதற்குள்ளேயே இருக்கும்போது ஒட்ஸைப் பெருக்கினால் புக்கிக்குத்தான் நட்டம். ஒரே போட்டிக்குள் சேர்த்துப் போட விடுகிற இடங்களில் அதற்கென்று தனி ஒட்ஸ் இருக்கும். அதைத் தனித்தனி ஒட்ஸின் பெருக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அநேகமாகக் குறைவாக இருக்கும்.