மூக்கடைத்த வண்டி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். டெக்சாஸில், சான் அந்தோனியோவில் இருக்கிறேன். மூன்று வருடம் முன்பு 1970 மாடல் செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்றை வாங்கினேன். கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் எல்லாம் புதிதாகப் போட்டேன். இங்கே அடிக்கிற வெயிலுக்குத் தாங்காமல் சென்ற கோடையில் ஏசி கிட் ஒன்றும் பொருத்தியாயிற்று. பொருத்தியவர் வெளிக்காற்று வரும் வழிகளைத் தகடு வைத்து அடைத்துவிட்டார். கேட்டால், குளிர்ச்சி தங்க வேண்டுமென்றால் இப்படித்தான் என்றார்.

குளிர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் ஹூஸ்டன் வரை மூன்று மணி நேரம் போனால் எனக்குக் கண் சொக்குகிறது, மனைவிக்குத் தலை வலிக்கிறது. மழை பெய்தால் கண்ணாடி உள்பக்கமாகப் புகை படிந்ததுபோல் ஆகிவிடுகிறது. லேசாகப் பெட்ரோல் வாசனையும் உண்டு. பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்கிறார்கள் நண்பர்கள். ஏசியில் ஏதாவது கோளாறா? வென்ட்டைத் திறந்தால் ஏசி போட்டதே வீணாகிவிடாதா?

கே.

அன்புள்ள கே,

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன பெட்ரோல் வாசனையை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வரிசை பிக்கப்புகளில் 1972 வரை அப்படித்தான். 1973இல் புது உடல் வந்தபோதுதான் டேங்கை வெளியே, சேஸிஸ் ஓரத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர், பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவை உட்காரும் இடத்தின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) இரண்டையும் நீங்கள் மாற்றியதாக எழுதவில்லை. கதவு ரப்பரை மாற்றுகிற எல்லோரும் இதை விட்டுவிடுகிறார்கள், வெளியே தெரியாது அல்லவா. முதலில் அதைப் பாருங்கள்.

தலைவலியையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சைலன்சர் குழாயிலோ, என்ஜின் புகை அந்தக் குழாய்க்குப் போகும் மேனிபோல்ட்டின் கேஸ்கெட்டிலோ சின்னக் கசிவு இருந்து, தரைத்தகட்டில் ஒரு ரப்பர் அடைப்பான் விழுந்திருந்தாலும் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது. வீட்டில் மாட்டுகிற பேட்டரி அலாரம் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், ஒன்றை வாங்கி வண்டிக்குள் வையுங்கள். இந்த இரண்டும் சரியாகும் வரை ஹூஸ்டனுக்கு வேறு வண்டியில் போய்வாருங்கள்.

இனி காற்றுக்கு வருவோம்.

உங்கள் ஏசியில் கோளாறு இல்லை. நாம் பேச்சில் 'ஏசி காத்து' என்று சொல்லிச் சொல்லி, அது எங்கிருந்தோ நல்ல காற்றைக் கொண்டுவருவதாக நினைத்துக்கொள்கிறோம். உங்களுடையதுபோல் பழைய வண்டியில் பின்னாளில் பொருத்துகிற கிட்களில் பெரும்பாலானவை கேபினுக்குள் இருக்கும் காற்றையே டேஷ்போர்டுக்கு அடியில் இழுத்து, குளிர்ந்த சுருளின் வழியாக விட்டு, மறுபடி உங்கள் முகத்தில் ஊதுகின்றன. இருவர் உட்கார்ந்து மூச்சுவிட்டால் மணிக்குச் சுமார் 40 லிட்டர் கரியமில வாயு வெளிவரும். உங்கள் கேபினின் கொள்ளளவு 2000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், முற்றிலும் அடைபட்டிருக்கும் பட்சத்தில் ஒரு மணி நேரத்தில் அது 2 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பதோ 0.04 சதவீதம். எந்த வண்டியும் அப்படி முற்றிலும் அடைபடாது என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகத்தான் ஏறும். ஆனால் கண் சொக்குவதற்கு அவ்வளவெல்லாம் தேவையுமில்லை. பழைய ரப்பரோடு ஓட்டியிருந்தால் சந்துபொந்து வழியாகவே காற்று மாறியிருக்கும். நீங்கள் அக்கறையாகச் செய்த வேலையே அந்த வழியை அடைத்துவிட்டது.

கண்ணாடி மங்குவதற்கும் இதேதான் காரணம். ஏசி ஓடும்போது காற்றிலுள்ள ஈரம் சுருளில் படிந்து வெளியே சொட்டுகிறது. மழையில் குளிர்கிறதே என்று கம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால், சுருளில் ஒட்டியிருந்த ஈரம் திரும்பக் கேபினுக்குள்ளேயே வரும். வெளியேற வழி இல்லாததால் கண்ணாடியில் போய் உட்காரும். மழையில் கம்ப்ரசரை நிறுத்தாதீர்கள்.

பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று உங்கள் நண்பர்கள் சொன்னதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவின் நாஷ் கார் கம்பெனி 1938லேயே வெளிக்காற்றை வடிகட்டி, சூடேற்றி, காருக்குள் லேசான அழுத்தத்தோடு செலுத்தியது. உங்கள் செவ்ரோலேயின் பாட்டன், 1947இல் வந்த பிக்கப், விளம்பரத்தில் பீற்றிக்கொண்டதே 'மூச்சுவிடும் கேபின்' என்றுதான். உங்கள் வண்டியிலும் முன்கண்ணாடியின் அடியில், பானட் முடிகிற இடத்தில் வரிவரியாகக் கீறல் போட்டிருக்கிறார்களே, அது அழகுக்கு இல்லை. வண்டி ஓடும்போது காற்று கண்ணாடியில் முட்டித் தேங்கி அழுத்தம் கூடுகிற இடம் அது. அங்கே ஒரு திறப்பு வைத்தால் ஃபேன் இல்லாமலே காற்று உள்ளே வரும். கால்மாட்டில் இருபக்கமும் உள்ள வென்ட்களுக்கு அங்கிருந்துதான் வரத்து. உங்கள் கடைக்காரர் அடைத்தது வண்டியின் மூக்கை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மேலே வெறும் தகடு, முன்னால் என்ஜின் சூடு, நாலு பக்கமும் ஒற்றைக் கண்ணாடி. ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் காற்றை, அதன் ஈரத்தோடு சேர்த்து, ஓயாமல் புதிதாகக் குளிரவைக்க அந்தச் சின்னச் சுருளால் ஆகாது. ஆனால் முழுக்கத் திறப்பதற்கும் முழுக்க அடைப்பதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. வலப்பக்கம் ஏசி பெட்டிக்கே இருக்கட்டும். இடப்பக்கத் தகட்டை மட்டும் கழற்றி, பழைய வென்ட்டை அதன் மூடியோடு திரும்பப் பொருத்துங்கள். வண்டியைக் கிளப்பியதும் மூடிவைத்து ஓட்டுங்கள். கேபின் குளிர்ந்தபின் இரண்டு விரல் அளவு திறங்கள். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், ஏசி வீணாகாது.

உள்ளே வந்த காற்று வெளியேற வேண்டுமே. அதற்கு உங்கள் கதவிலேயே முக்கோணக் கண்ணாடி இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1933இல் தன் கார்களில் கொண்டுவந்த சங்கதி, நம்மூர் அம்பாசடரில் ஏறியவர்களுக்குப் பழக்கமானதுதான். அதை முழுக்கப் பின்னால் திருப்பினால் முகத்தில் அறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். இலேசாக மட்டும் திறந்தால் நேர்மாறாக, ஓரமாக ஓடும் காற்று உள்ளிருப்பதை உறிஞ்சி வெளியே எடுக்கும். ஆனால் முன்னால் வென்ட் மூடியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள், அது தரை ஓட்டைகள் வழியாகப் புகைக் காற்றை உள்ளே இழுக்கும்.

பின்கண்ணாடி சறுக்கித் திறக்கிற வகை என்றால் அதைத் தனியாகத் திறக்கவே வேண்டாம். பிக்கப்பின் கேபின் சுவர்போல் செங்குத்தாக முடிவதால் அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த இடம் ஒன்று உண்டாகி, சைலன்சர் புகை சுழன்று அங்கேதான் வரும்.

சிக்னலில் நிற்கும்போது இந்த வென்ட் எதுவும் வேலை செய்யாது, வண்டி ஓடினால்தான் காற்று. நெரிசலில் ஜன்னல் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிடுங்கள். கழற்றிய தகட்டைத் தூக்கிப்போட வேண்டாம். அளவெடுத்து வெட்டியது, குளிர்காலத்தில் வென்ட் மூடி ஒழுங்காக மூடவில்லை என்றால் நான்கு திருகாணி போட்டு மாட்டிக்கொள்ளலாம்.