அலமாரியில் நாற்பது, நடுவில் நாலு

அன்புள்ள சார்,

உலக உணவு வியாபாரம் நாலைந்து கம்பெனிகளின் பிடியில் இருப்பதாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். கடைக்குப் போனால் பிஸ்கட்டுக்கே நாற்பது பிராண்டு இருக்கிறது. இதில் ஏகபோகம் எங்கே வந்தது? கம்பெனி பெரிதானால் செலவு குறையும், விலையும் குறையும். நல்லதுதானே?

கண்ணன்

அன்புள்ள கண்ணன்,

பிஸ்கட் அலமாரி முன்னால் நின்று எண்ணினால் நாற்பது வரும்தான். கொஞ்சம் பின்னால் போய் எண்ணிப் பாருங்கள். விளைந்த சோளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பும் விவசாயிக்கு, கட்டுப்படியாகிற தூரத்தில் வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? பல இடங்களில் ஒருவர், மிஞ்சினால் இருவர். ஏகபோகம் என்றதும் விற்பவன் விலையை ஏற்றுவதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. வாங்குபவன் ஒருவனே இருந்து விலையை அடிப்பதும் அதே வியாதிதான், கடைக்குப் போகிறவர் கண்ணில் அது படாது, அவ்வளவுதான்.

தானிய வியாபாரத்தில் ஏடிஎம் (ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட்), பங்கி, கார்கில், லூயி ட்ரைஃபஸ் என்ற நான்கு கம்பெனிகளையும் ஆங்கில முதலெழுத்து வைத்து ஏபிசிடி என்பார்கள். இதில் கார்கில் 1865-இல் தொடங்கி இன்றுவரை குடும்பச் சொத்து, பங்குச் சந்தையிலேயே இல்லை. விதையிலும் இதே கதை: 2017, 2018 இரண்டே வருடத்தில் டவ்வும் டூபாண்டும் இணைந்தன, சின்ஜென்டாவை கெம்சைனா வாங்கியது, மான்சான்டோவை பேயர் வாங்கியது. விதை விற்கிறவரே பூச்சிமருந்தும் விற்கிறார்.

செலவு குறையும் என்கிறீர்கள். சரி, குறையும். மிச்சமாகிற காசு யாருக்குப் போகிறது?

லைசின் என்று ஒன்று, கோழி, பன்றித் தீவனத்தில் கலப்பது. தொண்ணூறுகளில் அதைத் தயாரித்த கம்பெனிகள் மிகச் சில. ஏடிஎம்மும் ஜப்பான், கொரியப் போட்டியாளர்களும் ஓட்டல் அறைகளில் கூடி, யார் எத்தனை டன் விற்பது, என்ன விலைக்கு என்று பேசி முடித்துக்கொண்டார்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. விளக்குக்குள் கேமரா வைத்து எடுத்த படம் இருக்கிறது. 1995-இல் நடந்த ஒரு கூட்டத்தில் காலி நாற்காலிகளைப் பார்த்து ஒருவர் கேலி செய்கிறார்: ஒன்று வாடிக்கையாளரான கோழி இறைச்சிக் கம்பெனி டைசனுக்கு, இன்னொன்று எஃப்.பி.ஐ.க்கு என்று. எல்லோரும் சிரிக்கிறார்கள்! அடுத்த வருடம் ஏடிஎம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சிட்ரிக் அமிலத்திலும் இதேபோல் விலை பேசிய வழக்கையும் சேர்த்து 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. ஐம்பது பேர் தயாரிக்கிற பொருளுக்கு இப்படி ஒரு அறையில் உட்கார்ந்து விலை பேச முடியுமா? கம்பெனி குறையக் குறைய அந்த மேசை சின்னதாகிறது, எனக்கு இதுதான் பயம்.

அரசாங்கங்கள் சும்மாவா இருக்கின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள். 2025-இல் விட்டெர்ரா என்ற இன்னொரு தானியக் கம்பெனியை பங்கி தன்னோடு சேர்த்துக்கொண்டபோது கனடா நிபந்தனை போட்டது. மேற்குப் பகுதியில் ஆறு தானியக் கிடங்குகளை விற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. விற்பார்கள். இணைப்பு என்னவோ நடந்துவிட்டது.