கிண்ணம் ஏந்திய பச்சைத் தகடு

கேள்வி: குழாயடியில் தரையோடு ஒட்டி, பச்சைத் தகடு போல ஒன்று படர்ந்திருக்கிறது. எது இலை, எது தண்டு என்றே தெரியவில்லை. மேலே குட்டிக் குட்டிக் கிண்ணங்கள் வேறு. இது பாசியா, பூஞ்சையா?

பதில்: இரண்டும் இல்லை. கிண்ணத்தைக் கவனித்தீர்களே, அதுதான் அடையாளம். முழு வட்டமாக இருந்தால் மார்கான்ஷியா. பிறை வடிவில் இருந்தால் லூனுலேரியா. இரண்டுமே, ஈரச் சுவரில் மெத்தைபோல வளரும் மாஸ் (moss) என்ற குட்டிச் செடிக்கு உறவுக்காரர்கள்தான். வேர், தண்டு, இலை என்று பிரியாத இந்த உடலுக்குத் தாலஸ் என்று பெயர். பரீட்சைத் தாளில் "வேர் இல்லை, தண்டு இல்லை, இலை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்தே போயிற்று. என்ன இருக்கிறது என்று ஒருவராவது எழுத வேண்டாமா?

ஒரு துண்டைப் பிளேடால் பெயர்த்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் பஞ்சுபோல வெளுத்த இழைகள் இருக்கும். பார்த்தால் வேர் மாதிரிதான். ஆனால் ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல். வேரிகள் என்போம். தரையைப் பற்றிக்கொள்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. தண்ணீரை உடம்பு முழுக்கவே உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம், மேல்பக்கத்தை லென்ஸில் பாருங்கள். கட்டம் கட்டமாகத் தெரியும், கட்டத்துக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் காற்றுத் துளை. இலைகளில் இருக்கும் இலைத்துளைக்கு மூடிக்கொள்ளத் தெரியும், இதற்குத் தெரியாது. வெயில் ஏறினால் தகடு சுருங்கிப்போவது அதனால்தான்.

கிண்ணத்துக்குள் கிடக்கும் பச்சைத் துணுக்குகள் ஜெம்மாக்கள். ஒரு மழைத்துளி விழுந்தால் போதும், தெறித்து வெளியே போய் விழும். எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பது விழுந்த பிறகுதான் முடிவாகும்! ஆண், பெண் தனித்தனி என்பதால், ஒரு ஆண் தகட்டின் ஜெம்மாக்களிலிருந்து ஆண் தகடுகள் மட்டுமே முளைக்கும்.

கேள்வி: அப்படியானால் தாலஸ் என்றாலே சின்னதுதானா?

பதில்: தரையில் பெரும்பாலும் சரி. கடலில் கதையே வேறு. ராட்சதக் கெல்ப் என்ற கடல்பாசி 45 மீட்டர் வரை நீளும். தாங்கிப் பிடிக்கத் தண்ணீர் இருக்கும்போது மரத்தண்டு எதற்கு? எனக்குப் பிடித்தது கவ்லெர்பா என்ற இன்னொரு கடல்பாசி. பச்சை இலை, படரும் தண்டு, கீழே வேர் எல்லாம் இருப்பதுபோலவே தெரியும். வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு தடுப்புச் சுவர்கூடக் கிடையாது. அத்தனையும் ஒரே செல்.